மாதிரி எண் ஏழின் தலைமுடி

கீழ்த்திசைத் தொல்வாழ்வியல் உயராய்வு மையத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். அபுதாபியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினொன்றாம் மாடி. மொத்தம் முப்பத்திரண்டு அதிகாரிகள். தட்டச்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அங்கே நடந்த அறிவியல் முழுவதும் என் பத்து விரல் வழியாகப் போனது. அதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பழங்காலத்தில் சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்து மனிதர்கள் வளைகுடாவில் எப்படி வாழ்ந்தார்கள், என்ன தின்றார்கள் என்று கண்டுபிடிப்பதே மையத்தின் வேலை. மூன்று வருடமாக ஒரு பீங்கான் துண்டுகூடக் கிடைக்கவில்லை. இந்த வருடமும் ஒன்றும் கிடைக்காவிட்டால் மையத்தை இழுத்து மூடிவிடுவார்கள் என்ற நிலையில், 2006 ஜூன் மாதம், ருவைஸ் பக்கம் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த ஒருவனின் கடப்பாரை ஒரு ஜாடியில் இடித்தது.

அவன் பெயர் சோலையப்பன். சிவகங்கைப் பக்கம். முப்பத்தொரு வயது. பெரிய பழுப்பு ஜாடி, கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்தது. பக்கத்திலேயே இன்னும் பதினொன்று. சுற்றிலும் மீன் முள், உமி, உடைந்த குச்சிகள். ஃபோர்மேன் “கலாஸ், காம் பந்த்” என்று வேலையை நிறுத்தினார். மதியச் சாப்பாடு கொண்டுவந்த கேம்ப் சமையல்காரர் செய்கு அலாவுதீன் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

“இது கொரியாக்காரன் ஜாடியாச்சே” என்றார். “எழுபத்தொம்பதுல ஜுபைல்ல அவனுங்க கேம்ப் கிச்சன்லதான நா இருந்தேன். முட்டக்கோஸ ஊறப்போட்டு இப்பிடித்தான் கழுத்து மட்டும் பொதைப்பானுங்க. இங்கயும் அப்ப அவனுங்க கேம்ப்பு இருந்துச்சு.”

அவரை யாரும் கேட்கவில்லை. மையத்திலிருந்து ஒன்பது கார் கிளம்பிவிட்டது.

மையத்தின் அறிவியல் ஆலோசகர் டாக்டர் கோபாலசாமி. மூன்று நாடுகளில் படித்தவர். ஜாடியைப் பார்த்த ஏழாவது நிமிடம் “ஆயிரத்து இருநூறு வருஷம்” என்றார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டு ஜாடிகளுக்கும் அன்று மாலையே குளிர்பதனக் கூடாரம் வந்தது. இருபத்திரண்டு டிகிரி. சோலையப்பன் இருந்த கேம்ப்பில் ஏசி மே மாதம் கெட்டது. அதைப் பழுதுபார்க்கக் கேட்டு எழுதிய மனுவில் கம்பெனி ஒரு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியிருந்தது. அகழாய்வு முடியும்வரை சோலையப்பனையும் கூட இருந்தவர்களையும் கம்பெனி மையத்துக்கே ஒப்படைத்தது. காகிதத்தில் அதற்கு ‘அறிவியலுக்கான நன்கொடை’ என்று பெயர். நான்தான் தட்டச்சு செய்தேன்.

ஜூலையில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் முதல் கருத்தரங்கு. கோபாலசாமி பேசினார்.

“இவர்கள் சீன மாலுமிகள். கிடைத்த எச்சங்கள் என்ன சொல்கின்றன? ஒரே கூடாரத்தில் இருபது பேர் படுத்திருக்கிறார்கள். பெண்கள் இருந்ததற்கு அடையாளமே இல்லை. மூன்று வேளையும் சோறும் கருவாடும்தான். வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்து, இந்த வெயிலில் உழைத்து, சொந்த ஊர் ஊறுகாயை மண்ணுக்குள் ஒளித்துவைத்துத் தின்றிருக்கிறார்கள். இவர்களை இங்கே அழைத்து வந்தவனுக்கு இதயம் என்று ஒன்று இருந்ததா என்றே கேட்கத் தோன்றுகிறது.”

அரங்கில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். கேம்ப்பை நடத்துகிற கம்பெனியின் மேலாளர் முதல் வரிசையில் இருந்தார். முதலில் கைதட்டியவர் அவர்தான்.

ஒரு பத்திரிகைக்காரர் எழுந்து, ஜாடிக்குள் மிளகாய் விதை இருக்கிறதே, மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்து ஐந்நூறு வருடம்தானே ஆகிறது என்று கேட்டார்.

“நல்ல கேள்வி” என்றார் கோபாலசாமி. “ஆயிரத்து இருநூறு வருட ஜாடியில் மிளகாய் இருக்கிறது. ஆகவே மிளகாயின் வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டும். மையம் அந்தப் பொறுப்பையும் ஏற்கிறது.”

மறு வாரம் மிளகாய்க்கு ஒரு துணைக்குழு அமைந்தது. அடுத்த மாதம் மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஸ்டீல் கரண்டி வந்தது. பிடியில் 1978 என்று அச்சடித்திருந்தது. கரண்டிக் கூட்டம் இரண்டு நாள் நடந்தது. அச்சடித்த எண்ணெல்லாம் ஆண்டாகிவிடாது, பண்டைய கப்பல்களில் கரண்டிகளுக்கு வரிசை எண் இருந்திருக்கலாம், குறைந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு கரண்டிகள் கொண்ட மாபெரும் கப்பல் அது என்று முடிவு செய்தார்கள். கப்பலின் நீளத்தையும் அதிலிருந்தே கணக்கிட்டார்கள். அறிக்கையில் நானூறு பக்கம் நான் தட்டினேன்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஜாடிக்கு மானம் கிடையாது. ஆனால் மையத்துக்கு ஒரு யோசனை வந்தது.

மனிதன் தின்பதெல்லாம் அவன் தலைமுடியில் பதிவாகிறதாம். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒவ்வொரு சென்டிமீட்டரும் அந்த மாதத்துச் சாப்பாட்டின் வரலாறு. பழைய மாலுமிகளைப் புரிந்துகொள்ள, அதே வெயிலில், அதே உணவைத் தின்று, அதே மாதிரி இருபது பேராகப் படுத்துறங்கும் உயிருள்ள மனிதர்கள் ஒப்பீட்டுக்கு வேண்டும். இப்படிப்பட்ட ஆட்களுக்கு எங்கே போவது என்று ஒரு குழு நான்கு வாரம் யோசித்தது. கூடாரத்து ஜன்னலைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சோலையப்பன் மாதிரி எண் ஏழு. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி எல்லோருக்கும் தலையை ஒட்ட வெட்டி, ஆங்கிலத்தில் ஆறு பக்க ஒப்பந்தத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கினார்கள். ஆறு சென்டிமீட்டர் வளரும்வரை சோறு, கருவாடு, முட்டைக்கோஸ் ஊறுகாய் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது. மிளகாய் சேர்க்கலாமா என்பது துணைக்குழுவின் முடிவுக்கு விடப்பட்டது. முடிவு வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை பதினான்கு பேரும் சப்பென்று தின்றார்கள்.

ஊறுகாய் போட அலாவுதீன் பாயைத்தான் பிடித்தார்கள். அவர் ஜுபைலில் கொரியாக்காரர்களிடம் கற்றபடி பூண்டும் மிளகாய்த்தூளும் பிசைந்து போட்டார். ஜாடியில் ஒட்டியிருந்த பழைய பிசுக்கோடு ஒத்துப்பார்த்து, அச்சு அசலாக இருக்கிறதென்று மையம் வியந்தது. ‘மறைந்துபோன கீழ்த்திசைப் பக்குவத்தை உள்ளுணர்வாலேயே மீட்டவர்’ என்று பாய்க்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எந்த ஊரில் கற்றாய் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வியாழன்தோறும் முடி அளக்கும் சடங்கு. அதைப் பதிவு செய்ய என்னை ருவைஸுக்கு அனுப்பினார்கள். இரண்டு அதிகாரிகள் கையுறை போட்டுக்கொண்டு, உச்சி, பிடரி, காதோரம் என்று மூன்று இடத்தில் ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரைச் சத்தமாகச் சொல்வார்கள். மூன்றாவது அதிகாரி ‘சரி’ என்பார். நான் எழுதுவேன். பார்பர் எவனும் கேம்ப்புக்குள் வரக்கூடாது என்று வாசலில் அறிவிப்பு. அக்டோபரில் மாதிரி எண் மூன்று, ஊரிலிருந்து வந்த முறுக்கில் ஒன்றைக் கடித்துவிட்டான். விசாரணை நாலு மணி நேரம் நடந்தது. முறுக்கில் எள் இருந்ததா ஓமம் இருந்ததா என்பதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. அவன் அழுது, மீதி முறுக்கையும் ஒப்படைத்தான். அது இப்போதும் மையத்தின் குளிரறையில் இருக்கிறது.

சோலையப்பன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். அவனுக்குத் தை பத்தொன்பதில் கல்யாணம். பெண் தாய்மாமன் மகள் ஜோதிமணி. ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒரு தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் மாட்டிக்கொண்டது, ஒரு தடவை பிளான்ட்டில் ஷட்டவுன் வேலை, லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை தவறினால் வேறு இடம் பார்த்துவிடுவேன் என்று மாமனே சொல்லிவிட்டார். தை மாத லீவு அவனுக்கு ஒரு வருடம் முன்பே எழுத்தில் கிடைத்திருந்தது. அந்தத் தாளைப் பாலிதீன் கவரில் போட்டுத் தலையணைக்குள் வைத்திருந்தான்.

ஜனவரி ஏழாம் தேதி லீவு விண்ணப்பத்தோடு டாக்டர் கோபாலசாமியின் முன் நின்றான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“உட்காருப்பா” என்றார் அவர். அன்பாகத்தான் பேசினார். “கல்யாணம்னா என்ன நடக்கும் சொல்லு.”

“தாலி கட்டுவேன் சார்.”

“அது சரி. அப்புறம் சாப்பிடுவே. சாம்பார், பாயசம், அப்பளம். உன் தலையில இப்ப அஞ்சு சென்டிமீட்டர் இருக்கு. அஞ்சும் சுத்தமான மாலுமி முடி. ஆறாவது சென்டிமீட்டர்ல நீ பாயசத்தைக் கொண்டுவந்து சேர்த்தா ஆயிரத்து இருநூறு வருஷ வரலாறு கெட்டுப்போகும். நான் கல்யாணத்துக்கு எதிரி இல்ல. ஒரே ஒரு சென்டிமீட்டர் பொறுக்கச் சொல்லு உங்க மாமாவை.”

“சார், நா அங்க சோறும் கருவாடும் மட்டும் தின்னுக்குறேன். சத்தியமா.”

“மணமேடையில கருவாடா? அதை யார் மேற்பார்வை பண்றது? ரெண்டு அதிகாரி கூட வரணும். அவங்களுக்குப் பயணப்படி அனுமதி வாங்க மூணு மாசம் ஆகும்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ ஒரு சாதாரண ஆள் இல்ல சோலையப்பன். தனிமையில வாடின அந்த ஏழை மாலுமிக்கு இன்னிக்கு உலகத்துல இருக்கிற ஒரே சாட்சி நீதான். அவன் குடும்பத்தைப் பார்க்காம என்ன பாடுபட்டிருப்பான்னு உனக்குத் தெரிய வேண்டாமா?”

விண்ணப்பத்தின் மேல் ‘முடி முதிர்ந்தபின் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினார். அதையும் நான்தான் தட்டி, மூன்று பிரதி எடுத்தேன்.

அன்று சாயங்காலம் சைட் ஆபீஸ் போனிலிருந்து சோலையப்பன் அம்மாவுக்குப் பேசினான். அந்த அம்மாள் ராக்கம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“என்னடா சென்டிமீட்டரு? தலமுடி வளரலைனு கல்யாணத்த நிப்பாட்டுவாகளா? எங்க அண்ணன் மொகத்துல நா எப்பிடி முழிக்கிறது?”

“ஆத்தா, அது ஒரு ஆராய்ச்சி.”

“எவன் முடிய எவன்டா ஆராயிறது? ஒங்க மொதலாளி கபீலுகிட்ட நாஞ் சொன்னேன்னு சொல்லு, அவன் தலைல ஆராயச் சொல்லு.”

போனை வைத்துவிட்டு அவன் என்னைப் பார்த்தான். “அண்ணே, அது சீனாக்காரன் ஜாடியில்லன்னு ஆயிட்டா என்ன விட்ருவாகளா?”

“விடணும்லா” என்றேன். “ஜாடியே பொய்யின்னா ஒனக்க முடி எதுக்கு அவனுவளுக்கு?”

அலாவுதீன் பாயை அழைத்துக்கொண்டு அபுதாபிக்குப் போனோம். பதினொன்றாம் மாடியில் அவருக்காக விசேஷக் கூட்டம் கூடியது. பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து வைத்தார். ஜுபைல் கேம்ப், 1979. அதே ஜாடிகள், அதே கழுத்து, அவற்றுக்கு நடுவில் மீசை கறுத்த இளம் அலாவுதீனும் பனியன் போட்ட நாலு கொரியாக்காரர்களும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், இவனுங்களும் எங்கள மாதிரி கூலிக்கு வந்தவனுங்கதான்” என்றார் பாய். “ரூமுக்கு இருபது பேரு. ஊட்டு நெனப்பு வந்தா ஜாடியத் தொறந்து மோந்து பாப்பானுங்க. ஒருத்தன் பொண்டாட்டி கடுதாசிய ஜாடி மூடிக்கு அடியிலதான் வச்சிருந்தான். இந்தப் பையனுக்குக் கல்யாணம் சார். உட்ருங்க.”

அதிகாரிகள் போட்டோவை வரிசையாகக் கைமாற்றினார்கள். கடைசியில் கோபாலசாமி பேசினார்.

“அருமையான ஆதாரம். கீழ்த்திசை மக்கள் இதே முறையில் 1979 வரைக்கும் ஊறுகாய் புதைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இந்த மரபு ஆயிரத்து இருநூறு வருடமாக இடையறாமல் தொடர்ந்திருக்கிறது. நம் முடிவு இருமடங்கு உறுதியாகிறது. இதைக் கொண்டுவந்து கொடுத்த சமையல்காரருக்கு மையத்தின் நன்றி.”

பாய்க்கு இரண்டாவது சான்றிதழ் கிடைத்தது. போட்டோவைத் திருப்பித் தரவில்லை. லிஃப்ட்டில் இறங்கும்போது அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அறுபது வயது மனுஷர் வாயிலிருந்து நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் அன்று பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

அதன்பிறகு சோலையப்பன் சாப்பிடுவதை நிறுத்தினான். போராட்டமெல்லாம் இல்லை. தட்டை வாங்குவான், இரண்டு வாய் வைப்பான், மீதியைப் பூனைக்குப் போட்டுவிட்டுக் கட்டிலில் சுருண்டுகொள்வான். கன்னம் ஒட்டிப்போயிற்று. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டான். வியாழக்கிழமை வந்த அதிகாரிகள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் வேலை காதுக்கு மேலே. உச்சி ஐந்து புள்ளி மூன்று, பிடரி ஐந்து புள்ளி நான்கு. சரி என்றார் மூன்றாமவர். நானும் எழுதினேன்.

ஜனவரி இருபத்தொன்பது காலை, அவன் பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, பாயின் சவர பிளேடை வாங்கித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான். திரும்பி வரும்போது தலை சுத்தமாக மொட்டை. அங்கங்கே ரத்தக் கீறல்.

“இப்ப என்ன அளப்பாகன்னு பாப்பம்” என்றான். மூன்று வாரத்தில் அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

என் மனசுக்குள் நானும் சிரித்தேன். என்ன இருந்தாலும் இவனுக்கு இருக்கிற மூளை முப்பத்திரண்டு பேருக்கு இல்லையே என்று பெருமையாக இருந்தது. இனி இவனால் மையத்துக்குப் பிரயோஜனமில்லை, அன்றே அனுப்பிவிடுவார்கள், இன்னும் நாலு நாள் இருக்கிறது, விமானத்தில் நாலு மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டேன். மையத்தைப் பற்றி எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில், மாதிரியின் உடலிலிருந்து பிரியும் எதுவும் மையத்தின் உடைமை என்று இருந்தது. இரண்டு அதிகாரிகள் வந்து தொட்டிப் பக்கத்துக் குப்பையில் கிடந்த முடியை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கவரில் போட்டார்கள். அதற்கு ஒரு நாள். சோலையப்பனை மாதிரிப் பட்டியலிலிருந்து நீக்கலாமா என்று விவாதிக்க மூன்று நாள். புருவ முடியைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். புருவத்துக்கு அளவுகோல் இல்லை என்று கைவிட்டார்கள். அந்த நாலு நாளுக்குள் தை பத்தொன்பதும் வந்து போயிற்று.

பிப்ரவரி நான்காம் தேதி உத்தரவு வந்தது. ‘மாதிரி எண் ஏழு அறிவியலுக்குப் பயனற்றது. விரும்பிய உணவை உண்ணலாம், விரும்பிய இடத்துக்குச் செல்லலாம்.’ நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். சோலையப்பன் அதை வாங்கி மடித்து என்னிடமே கொடுத்தான்.

“போன் வந்துச்சுண்ணே. அதே பந்தல்ல, அதே முகூர்த்தத்துல, மதுர மெக்கானிக் ஒருத்தனுக்குக் குடுத்துட்டாக. மாமாவையும் தப்புச் சொல்ல முடியாது. இனி லீவெல்லாம் வேணாம்.”

அவன் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது; அது யாருக்கும் உதவாத அழுகை.

முடிக்கவர் ஐரோப்பாவில் ஒரு ஆய்வகத்துக்குப் போயிற்று. கூட வைக்க வேண்டிய படிவத்தில் இடம், மண்ணடுக்கு என்று இரண்டே கட்டம். ஆளின் பெயருக்கு இடமில்லை. இடத்தில் ருவைஸ் என்றும், தரையில் கிடந்தது என்பதால் மண்ணடுக்கில் ‘மேல் அடுக்கு’ என்றும் அதிகாரி எழுதினார். முடியின் வயதைச் சோதிக்க வேண்டுமா என்ற கட்டத்தில் யாரும் டிக் அடிக்கவில்லை.

ஏப்ரலில் பதில் வந்தது. இந்த மனிதர் ஐந்து மாதம் சோறும் மீனும் தின்றிருக்கிறார். கடைசி மூன்று வாரம் ஏறக்குறையப் பட்டினி கிடந்திருக்கிறார். அத்தோடு முடி நின்றுவிடுகிறது. இறந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

கோபாலசாமி அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மாலுமியின் முடி, யேசுதாசன்! மாலுமியின் முடியே கிடைச்சுடுச்சு.”

அது யாருடைய முடி என்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். என் விசாவும் அவர் கையெழுத்தில் இருந்தது. “எத்தனை பிரதி சார்” என்று கேட்டேன்.

மே மாதம் கண்காட்சித் திறப்பு விழா. பளிங்கு மண்டபத்தின் நடுவில், வெல்வெட்டின் மேல், கண்ணாடிப் பெட்டிக்குள் முடி இருந்தது. தனி விளக்கு, தனி ஏசி, துப்பாக்கியோடு ஒரு காவலர். நாற்காலி போடவும் பேரீச்சம்பழத் தட்டு எடுத்துக்கொடுக்கவும் கம்பெனி கேம்ப்பிலிருந்து பத்துப் பேரை அனுப்பியிருந்தது. அதில் சோலையப்பனும் இருந்தான். தலையில் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது.

கோபாலசாமி மேடையேறினார்.

“பட்டினியால் என்று விஞ்ஞானம் சொல்கிறது. ஆனால் பக்கத்தில் மீனும் சோறும் குவிந்து கிடந்தன. அப்படியென்றால் இவன் சாப்பிட மறுத்திருக்கிறான். என்ன துக்கமோ. அவனைச் சுற்றி மேலதிகாரிகள் இருந்திருப்பார்கள். ஒருவராவது, ஏனப்பா சாப்பிடவில்லை என்று கேட்டார்களா? அந்தக் கல்நெஞ்சக்காரர்களை வரலாறு மன்னிக்காது. இந்த முகம் தெரியாத மனிதனுக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம்.”

முந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சோலையப்பனும் தலைகுனிந்து நின்றான். எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான்.

“யாருண்ணே செத்தது?”

“ஒரு சீனாக்காரன்” என்றேன். “கடைசில மூணு வாரம் சாப்பிடாம கெடந்தானாம்.”

அவன் கண்ணாடிப் பெட்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

“பாவம்ணே. கல்யாணம் கில்யாணம் நின்னுபோயிருக்கும்.”